கிழக்குப் பாடு

பீமுலவாரிபாளையம் துறையில் ஆறு மணிக்குப் படகேறினால்
தண்ணீர் இருக்கிற மாதம் ஒன்றரை மணி நேரம்,
சித்திரையில் மூன்று.
முழங்கால் ஆழ ஏரி.
முனிரத்தினம் சவளக்கோலைச் சேற்றில் ஊன்றி
நெஞ்சை அதன்மேல் சாய்த்து
பின்னால் நடக்க நடக்க
படகு முன்னால் போகிறது.

என் பையில் எழுபது துண்டுப் பிரசுரம்,
மூன்று புதிய ஏற்பாடு,
காய்ச்சல் மாத்திரை இரண்டு அட்டை,
மிஷன் ஆபீசுக்கு நிரப்ப வேண்டிய தாள்:
சென்ற இடம், சந்தித்த ஆத்துமாக்கள், படகுக்கூலி.
கடைசிக் கட்டம் மட்டும்
எல்லா மாதமும் தவறாமல் நிரம்பும்.

தமிழ்நாடு எங்கே முடிகிறது என்று ஒருமுறை கேட்டேன்.
தண்ணீரைப் பார்த்தான்.
"போன் சொல்லும்" என்றான்.

மொட்டைத்திட்டில் நாற்பத்தொரு வீடு.
பேச்சு தமிழ், பள்ளிக்கூடம் தெலுங்கு.
என் பிரசுரத்தை மரியாதையாக வாங்குவார்கள்,
படம் பார்ப்பார்கள்,
எழுத்தை விரலால் ஒருமுறை தடவிவிட்டு
கருவாட்டுக் கூடைக்கு அடியில் விரிப்பார்கள்.
என் பெயர் தீத்து.
"தீட்டா?" என்றாள் செங்காளம்மா முதல் தடவை.
அன்றிலிருந்து வெறும் பாஸ்டரு.

இந்த முறை வலைக்கொட்டகையில் உட்காரவைத்து
அவருடைய பாடுகளைச் சொல்லத் தொடங்கினேன்.
தலைகள் நிமிர்ந்தன.
"அவரு பாடு எந்தப் பக்கம்?" என்றார் ஒருவர்.
"வடக்கா, முகத்துவாரமா?
எத்தன நாளுக்கு ஒருக்கா?"
ஏரியில் யார் எங்கே வலைபோடுவது என்று
ஊர் பிரித்துக் கொடுக்கும் முறைக்கும் பாடு என்றே பெயர்,
எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.
ஒரே நாள், என்றேன். வெள்ளிக்கிழமை.
உச்சியிலிருந்து மூன்று மணிவரை.
"அதுல என்னா கெடச்சிருக்கும்" என்று
நிஜமான வருத்தத்தோடு உச்சுக்கொட்டினார்.

அவர்களுக்கும் வேலை இருந்தது.
புது வருஷத்துப் பாடு பிரிக்க வேண்டும்.
செங்காளம்மாவின் புருஷன் தை மாதம் போனான்,
முகத்துவாரத்தில். மகன் இல்லை.
பொம்பளைக்குப் பங்கு உண்டா என்று
இரண்டு மாதம் பேசி, உண்டு என்றார்கள்,
அவள் நகராமல் நின்றதால்.
சீட்டெடுக்க மட்டும்
பங்கில்லாத கை வேண்டும்.
என்னைப் பார்த்தார்கள்.

சிலுவைக்கடியில் சீட்டுப் போட்டவர்களைப் பற்றி
எத்தனை ஊரில் எவ்வளவு காரமாகப் பேசியிருக்கிறேன்.

அலுமினியக் குண்டானுக்குள் கையை விட்டேன்.
மடித்த தாள்கள் நசநசத்தன.
ஒவ்வொன்றாய்ப் பிரித்தேன். தெலுங்கு.
வளைவு வளைவாக, எனக்கு எதுவும் விளங்காத தெலுங்கு.
நாலாம் வகுப்புப் பையன் ஒருத்தன்
என் முழங்காலில் கையூன்றி
உரக்க வாசித்தான்.

அவள் பெயருக்குக் கிழக்கு.

கொட்டகையில் யாரும் பேசவில்லை.
கிழக்கு வெறும் சேறு,
கோடையில் பூநாரை நடக்கிற இடம்.
இன்னொரு தடவை எடுக்கட்டுமா என்று
வாய்வரை வந்தது.
ஏன் கேட்கவில்லை என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை.
"பாஸ்டரு கைக்கு ராசி பத்தாது" என்று
அவளே சொல்லிச் சிரித்தாள்.
சிரித்த கையோடு வலையை உதறி
ஓட்டை தேட உட்கார்ந்தாள்.

அன்று ஜெபம் பண்ணவில்லை. மறந்துவிட்டது.

திரும்பும் வழியில் படகு தரைதட்டியது.
"எறங்குங்க" என்றான் முனிரத்தினம்.
பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கினேன்.
சேறு ஒரு செருப்பை வாங்கிக்கொண்டது.
தோள் கொடுத்துத் தள்ளும்போது
கிழக்கே ஒரு டார்ச் வெளிச்சம்,
தண்ணீருக்குச் சற்று மேலே,
நகர்ந்து, நின்று, நகர்ந்து.
"அவதான்" என்றான்.
"இன்னிக்கே போயிட்டா."

ராத்திரி தடாவில் தாளை நிரப்பினேன்.
ஆத்துமாக்கள் கட்டத்தில்
பேனா கொஞ்ச நேரம் நின்றது.
நாற்பத்தொன்று என்று போட்டு, அடித்தேன்.
படகுக்கூலி முந்நூறு.
செருப்புக்குக் கட்டம் இல்லை.

அடுத்த மாதம் பையைத் திறக்குமுன்
கேட்க வேண்டும்,
கிழக்கில் இறால் ஏறியதா என்று.